ஆடியில் வந்த பச்சை டிக்

ஜூலை 14, ஞாயிறு

இன்று முதல் இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். எனக்குச் சாதகமில்லாததையும் எழுதுவேன். செண்பகா அக்காவுக்குச் சாதகமில்லாததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுவேன்.

என் முழுப்பெயர் குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மனின் பெயர். எந்தப் படிவத்திலும் கட்டத்துக்குள் அடங்காது. வீட்டில் குழலி. ஒன்பதாம் வகுப்பு. தென்காசியில் எங்கள் அப்பா கல்யாண ஸ்டுடியோ வைத்திருக்கிறார். அப்பா படம் எடுப்பார், அம்மா ஆல்பம் தயாரிப்பார், நான் பள்ளி விட்டதும் அங்கேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். அக்கா திருநெல்வேலியில் கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் கடைசி வருடம். தினமும் ரயிலில் போய் வருகிறாள்.

ஸ்டுடியோவில் மேஜைக்கடியில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. தைப்பொங்கலுக்கு வாங்கியது. கம்ப்யூட்டரில் இருக்கும் படங்கள் எல்லாம் ராத்திரி ஒரு மணிக்குத் தானாகவே அதற்குள் நகல் ஆகிவிடும். கம்ப்யூட்டர் கெட்டுப்போனாலும் படம் பிழைத்துக்கொள்ளும். இதற்குப் பெயர் பேக்கப். ஆனால் வைகாசியில் ஒரு நாள் நகல் பாதியிலேயே நின்றுவிட்டது. பெட்டி வாயே திறக்கவில்லை. அப்பா தற்செயலாகப் பார்த்ததால் ஒரு கல்யாணத்தின் தாலி கட்டும் படங்கள் தப்பித்தன.

அதனால் அக்காவின் புராஜெக்ட் இதுதான்: பேக்கப்பில் படம் தொலைந்தால் கண்டுபிடித்துச் சொல்லும் புரோகிராம். அது தினமும் காலை ஆறு மணிக்கு, வீட்டில் இருக்கும் அக்காவின் லேப்டாப்பிலிருந்து, "நேற்று ராத்திரி எவ்வளவு நகல் ஆச்சு?" என்று பெட்டியைக் கேட்கும். சரியாக இருந்தால் அப்பா போனுக்குப் பச்சை டிக். சந்தேகமாக இருந்தால் சிவப்பு.

"எது சரி, எது தப்புன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"நீ பரீட்சைப் பேப்பர் வாங்கிட்டு வந்தா, அம்மா உன் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிக்காள்லா? அவளுக்கு யாரு ரூல் எழுதிக் குடுத்தா? பாத்துப் பாத்துப் பழகினதுதான். அதே மாதிரி நான் இதுக்குத் தையிலருந்து இன்னைக்கு வரைக்கும் உள்ள கணக்க எல்லாம் காட்டிப் பழக்கியிருக்கேன். இதுதாண்டி மெஷின் லேர்னிங்."

"அப்போ இது அம்மா மாதிரியா?"

"அம்மா மாதிரி, ஆனா திட்டாது."

அம்மா அடுக்களையிலிருந்து, "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

ஜூலை 16, செவ்வாய்

மகத்தான செய்தி. எங்கள் பள்ளி மின்சிக்கன மன்றத்துக்கு நான் தலைவி! என்னை எதிர்த்து நின்ற சபூராவே எனக்குக் கை தூக்கினாள். "எனக்கு அந்தப் பேட்ஜ் மட்டும்தான் வேணும். சுவிட்ச் சுவிட்சா ஓட எனக்கு முடியாதுட்டி" என்றாள். சபூரா என் பக்கத்து பெஞ்சு, என் உயிர்த்தோழி.

உறுதிமொழி எடுத்தோம். "ஆளில்லாத அறையில் ஒரு சுவிட்சையும் அணைக்காமல் விடேன்." சொல்லும்போது எனக்குப் புல்லரித்தது.

ஆனி மாதக் கல்யாண வீடியோக்கள் எல்லாம் இன்று முடிந்துவிட்டன. இவ்வளவு நாளும் வீடியோ தயாராவதற்காக ஸ்டுடியோ கம்ப்யூட்டர் விடிய விடிய ஓடும். யாரும் எதையும் அணைப்பதில்லை. நாளை ஆடி பிறக்கிறது. இனி ஒரு மாதம் அப்பாவுக்கு ஓய்வு. எட்டு மணிக்கே கடையை அடைத்தோம். முதல் கடமையாகப் போர்டில் இருந்த எல்லாச் சுவிட்சுகளையும் நானே அணைத்தேன். அப்பா, "தலைவியம்மா, கதவப் பூட்டலாமா?" என்று கேட்டார்.

ஜூலை 17, புதன்

காலையில் அப்பா போனில் சிவப்பு. எல்லோரும் பயந்துவிட்டோம். அக்கா பல் தேய்த்துக்கொண்டே ஓடி வந்து பார்த்தாள். "நகல்: பூஜ்யம்" என்று இருந்தது.

அப்பாதான் முதலில் சிரித்தார். "இன்னைக்கு ஆடி ஒண்ணு. நேத்து என்ன கல்யாணமா நடந்துச்சு? நாலு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. அத இது படம் தொலஞ்சு போச்சுன்னு நெனச்சுக் கத்துது."

ஜூலை 18, வியாழன்

சிவப்பு. சாரல். குடை கிழிந்துவிட்டது.

ஜூலை 20, சனி

நான்கு நாளாகத் தினமும் சிவப்பு. அது வரும்போது அப்பா போன் ஆம்புலன்ஸ் மாதிரி அலறுகிறது. இன்று காலை கீழ்வீட்டுக்காரர் வந்து, "யாருக்கு என்னாச்சு?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அம்மா சொன்னார்: "செண்பகா, உன் புள்ளைய அடக்கு."

"அதுக்கு ஆடின்னா என்னன்னே தெரியலம்மா."

"பொறந்ததே தையிலதான? ஆடிய எங்க பாத்துருக்கும்?" என்றார் அப்பா. "நாமதான் சொல்லிக்குடுக்கணும்."

அக்கா சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் முகூர்த்த நாட்களைப் படிக்கப் படிக்க அவள் தட்டினாள். முகூர்த்த நாள் என்றால் அதிகம் எதிர்பார். ஆடி என்றால் பூஜ்யம் வந்தாலும் பதறாதே. சாயங்காலம் வரை ஆனது. வேலை முடிந்ததும் புரோகிராம் பச்சை டிக் காட்டியது. அக்கா அதைக் கொஞ்சினாள். "நம்ம ஊரு புள்ளையா ஆயிட்டே, என் தங்கம்" என்றாள். தன் சொந்தத் தங்கையிடம் அவள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. (சாதகமில்லாததை எழுதுவேன் என்று முன்பே சொல்லியிருக்கிறேன்.)

கல்லூரியில் ஆகஸ்ட் இருபதாம் தேதி இதைக் காட்ட வேண்டுமாம். பஞ்சாங்கம் தெரிந்த புரோகிராம் என்று எல்லோரும் அசந்துபோவார்களாம்.

கடையை அடைக்கும்போது போர்டில் எட்டுச் சுவிட்சுகளையும் அணைத்தேன். பேட்ஜில் துரு பிடிக்கிறது. சாரல் காற்று.

ஜூலை 28, ஞாயிறு

வயிறு நிறைந்திருக்கிறது. அதனால் மெதுவாக எழுதுகிறேன்.

சபூராவின் அக்கா ஜைனப் ராத்தாவுக்கு இன்று கடையநல்லூரில் நிக்காஹ். ஆடியில் ஒரே கல்யாணம்! அப்பா காலை ஏழு மணிக்கே கேமராவோடு போய்விட்டார். நானும் அம்மாவும் பதினொரு மணிக்குப் போனோம்.

சபூராவின் வாப்பா சவுதியில், தமாமில் வேலை பார்க்கிறார். லீவு கிடைக்கவில்லை. மகள் கல்யாணத்துக்கே வர முடியவில்லை. வீடியோ காலில் காட்டலாம் என்று பார்த்தால் மண்டபத்துக்குள் சிக்னல் இல்லை. படம் உறைந்து உறைந்து, கடைசியில் அவருடைய ஒரு காது மட்டும் திரையில் நின்றது. சபூரா அந்தக் காதைப் பார்த்து, "வாப்பா, அழாதீங்க வாப்பா" என்றாள்.

அவள் உம்மா அப்பாவிடம் வந்து சொன்னார்: "அண்ணாச்சி, ஒண்ணு விடாம எடுத்துருங்க. புள்ள தலையில பூ வைக்கிறது, அவ அழுவுறது, சிரிக்கிறது, எல்லாம். அவங்க அங்க உக்காந்து இந்தப் படத்துலதான் கல்யாணம் பாக்கணும்."

"கவலையே படாதீங்கம்மா. அவருக்கு மண்டபத்துல நின்ன மாதிரி இருக்கும்" என்றார் அப்பா.

பிரியாணிச் சட்டி ஒவ்வொன்றும் எங்கள் குளியலறை அளவு. சபூராவின் மாமா அதன் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்று, "என்னையும் சட்டியையும் சேத்து எடுங்க" என்று அப்பாவைக் காலையிலேயே பிடித்துக்கொண்டாராம். முதல் ஐம்பது படம் அவரும் சட்டியும்தான் என்று அப்பா சொன்னார்.

சாயங்காலம் ஸ்டுடியோவுக்கு வந்து படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். எட்டு மணிக்கு நான் எல்லாவற்றையும் அணைத்தேன். மன்றத்தில் சொல்ல நல்ல செய்தி: இந்த மாதம் எங்கள் கடையின் மீட்டர் ஆமை வேகத்தில் ஓடுகிறது.

ஜூலை 29, திங்கள்

பச்சை டிக். அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் பச்சை வந்தால்தான் கேமரா கார்டை அழித்துக் காலி செய்வார். இன்று காலி செய்துவிட்டு, "இப்பத்தான் நிம்மதி" என்றார்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஆடி வெள்ளி. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். கோயில்காரர்கள் கேட்டதால் அப்பா கொஞ்சம் படம் எடுத்துக் கொடுத்தார். நான் மூன்று முறை வரிசையில் நின்றேன். மூன்றாவது முறை கரண்டிக்காரர், "நீ உன் அக்காவா, தங்கச்சியா?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது. எழுதப் பிடிக்கவில்லை. நாளை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 7, புதன்

நடந்தது இது. நேற்று மத்தியானம் மின்சாரம் நாலைந்து முறை போய்ப் போய் வந்தது. அதற்குப் பிறகு கம்ப்யூட்டருக்குள்ளிருந்து டக், டக் என்று சத்தம். உள்ளே இருக்கும் டிஸ்க் செத்துவிட்டது. நான் பள்ளியிலிருந்து வரும்போது அப்பா சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "டிஸ்க் போனாப் போவுது. பேக்கப் எதுக்கு இருக்கு?" என்று புது டிஸ்க் வாங்கி வந்தார். அக்கா கல்லூரியிலிருந்து நேராக ஸ்டுடியோவுக்கு வந்து பெட்டியைத் திறந்து பார்த்தாள். அதில் கடைசியாக இருந்தது ஜூலை 16 அதிகாலை வரை உள்ள படங்கள். அதன் பிறகு ஒன்றுமே இல்லை. நிக்காஹ் இல்லை.

"தினமும் பச்ச வந்துச்சேட்டி" என்றார் அப்பா. குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. கார்டையும் காலி செய்துவிட்டது அவருக்கு நினைவு வந்துவிட்டது.

அக்கா மேஜைக்கடியில் படுத்துப் பெட்டியின் ஒயரைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஒயர் சுவரோரமாகப் போய், பீரோவுக்குப் பின்னால் நுழைந்து, நான் தினமும் அணைக்கும் போர்டில் ஆறாவது சுவிட்சில் வந்து முடிந்தது. கம்ப்யூட்டரின் ஒயரும் அதே சுவிட்சில்தான்.

"ராத்திரி இத யாரு ஆஃப் பண்ணுதா?"

யாரும் என்னைப் பார்க்கவில்லை. பேட்ஜ் மட்டும் என் சட்டையில் மின்னிக்கொண்டிருந்தது. துரு போக முந்தின நாள்தான் புளி போட்டுத் தேய்த்திருந்தேன்.

நான்தான் என்றேன். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். ஆனால் அக்கா தரையில் உட்கார்ந்து தன் நெற்றியிலேயே அடித்துக்கொண்டாள்.

"நீ அணைச்சது பெருசில்லட்டி. அது மொத நாலு நாளு கத்திச் சொல்லிச்சுல்லா, நகல் ஆவலன்னு? அது சரியாத்தான் சொல்லியிருக்கு. நான்தான் ஆடின்னு சொல்லி அதோட வாயப் பொத்திட்டேன். ஆடியில கல்யாணமே கெடையாதுன்னு அதுக்குப் பாடம் எடுத்தேன். ஜைனப் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தா ஞாபகம் வந்துருக்கும். மறுநாள் எனக்குப் பரீட்சை."

"பிரியாணி தின்ன எங்களுக்கே வரலியே" என்றார் அம்மா.

நம் காலண்டரில் முகூர்த்தம் இல்லை என்றால் ஊரிலேயே முகூர்த்தம் இல்லை என்று நாலு பேரும் நினைத்துவிட்டோம். அந்தக் காலண்டரிலிருந்து தேதி படித்ததும் நான்தான்.

ஆகஸ்ட் 8, வியாழன்

அக்கா ஒரு வழி சொன்னாள். கார்டைக் காலி செய்தால் படம் உடனே அழிந்துவிடாதாம். படம் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டும்தான் போகும். அதே இடத்தில் வேறு படம் வந்து உட்காரும் வரை பழையது உள்ளேயே கிடக்கும். அதைத் தோண்டி எடுக்கும் புரோகிராமை ராத்திரி முழுக்க ஓட விட்டிருக்கிறாள்.

"அதுக்கப்புறம் எத்தன கல்யாணத்துக்கு இந்தக் கார்டப் போட்டீங்கப்பா?" என்று கேட்டாள்.

"ஆடியில ஏதுட்டி கல்யா..." என்று தொடங்கிய அப்பா வாயை மூடிக்கொண்டார். பிறகு, "கோயில் கூழு மட்டுந்தான்" என்றார்.

முடிவு தெரியும் வரை சபூரா வீட்டில் சொல்ல வேண்டாம் என்று அப்பா சொல்லியிருந்தார். ஆனால் மதியச் சாப்பாட்டில் சபூரா, "வாப்பா தினமும் போன் போட்டுப் படம் வந்துருச்சா, வந்துருச்சான்னு கேக்குதாவ. உங்கப்பா என்ன, ஒவ்வொரு படத்துக்கும் பவுடர் போடுதாவளா?" என்றாள்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சுவிட்சையும் சொன்னேன்.

சபூரா டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். சாயங்காலம் வரை அந்த இடம் காலியாக இருந்தது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

காலையில் கார்டைத் தோண்டுவது பாதிதான் முடிந்திருந்தது. அக்கா கல்லூரிக்குப் போகாமல் ஸ்டுடியோவிலேயே இருந்தாள்.

பள்ளி விட்டதும் நான் ஓடினேன். பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம். சபூரா! "பேசணும்னு வரல. எங்க ராத்தாவப் பாக்க வாரேன்" என்றாள். முன்னால் ஓடிவிட்டாள்.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது திரையில் படங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. முதலில் கூழ்ப்பானை. கூழ் வரிசை. நான். மறுபடியும் நான். மூன்றாவது முறையும் நான்.

"எத்தன தடவட்டி நின்னே?" என்றாள் சபூரா. பேசிவிட்டாள்!

பிறகு பாதி சாம்பல் நிறமாகக் கிழிந்த ஒரு படம் வந்தது. அடுத்து ஒரு கை. மருதாணிக் கை. அடுத்தது முழுசாக ஜைனப் ராத்தா, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். சபூரா நாற்காலியில் ஏறி நின்று கத்தினாள். அப்பா வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார். சாரலால் சளி என்றார். அம்மா எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கி வரச் சொன்னார், பிறகு யாரையும் நம்பாமல் அவரே போய் வாங்கி வந்தார்.

இருட்டும் வரை பார்த்தோம். பூ வைப்பது, அழுவது, சிரிப்பது, எல்லாம் இருந்தது. கூழ்ப் படங்கள் வந்து உட்கார்ந்த இடத்தில் இருந்தவை மட்டும் போய்விட்டன. எவை என்று அப்பா யோசித்துப் பார்த்தார்.

"அன்னைக்கு மொதல்ல எடுத்தது..."

"மாமாவும் சட்டியும்!" என்றாள் சபூரா. சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது. பஜ்ஜியில் என் பங்கையும் அவளுக்குக் கொடுத்தேன். அவள் மறுக்கவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அக்கா புரோகிராமைப் பிரித்துப் போட்டிருக்கிறாள். புராஜெக்டில் காட்ட ஒன்றும் இல்லை என்று நேற்று முழுக்கச் சாப்பிடவில்லை. இன்று காலை என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தவறை விளக்கினாள். பெட்டி அணைந்திருந்ததால் ஆறு மணிக்கு அதனிடமிருந்து பதிலே வரவில்லை. பதில் வராவிட்டால் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளும்படி அவளே எழுதியிருந்தாளாம்.

"அது எப்படி?" என்றேன். "போன வருஷம் எனக்கு அம்மை போட்டிருந்தப்போ அறிவியல் பரீட்சை எழுதலல்லா? மார்க் அட்டையில 'வரவில்லை'ன்னுதான் போட்டாங்க. பூஜ்யம்னு போட்டிருந்தா அம்மா என்னைக் கொன்னுருப்பா."

அக்கா உடனே திரும்பித் தட்டத் தொடங்கினாள். நன்றி சொல்லவில்லை. ஆனால் தன் நாற்காலியில் பாதி இடம் கொடுத்தாள்.

காலண்டரை மட்டும் நம்பக் கூடாது என்று அடுத்த முடிவு. அப்பா சொன்னார்: "கேமரா ஒவ்வொரு படத்துக்கும் வரிசையா நம்பர் போடுதே, அதக் கேளேன். நான் எந்த மதக் கல்யாணத்துல எடுத்தாலும் நம்பர் ஓடும்லா?" கண் மூடியது, ஆடியது என்று அப்பா தூக்கிப்போடும் படங்களால் வரிசையில் எப்போதும் சின்னச் சின்ன ஓட்டை விழும். எந்த அளவு ஓட்டை அப்பாவின் வழக்கம், எந்த அளவு ஓட்டை ஆபத்து என்பதைப் புரோகிராம் பழைய படங்களைப் பார்த்துப் பழகிக்கொள்கிறது.

ஆகஸ்ட் 14, புதன்

சோதனை. அக்கா தனக்குத் தெரியாமல் ஏதாவது சேட்டை செய்யச் சொன்னாள். இதற்கு என்னைவிடப் பொருத்தமானவள் கிடையாது. முதல் நாள் பெட்டியை அணைத்து வைத்தேன். "பெட்டி பதில் சொல்லவில்லை, போய்ப் பார்க்கவும்" என்று வந்தது. இன்று பெட்டிக்குள் ஒரு காதுகுத்து விழாவின் நடுவிலிருந்து கொஞ்சம் படங்களை எடுத்து ஒளித்து வைத்தேன். எந்த நம்பரிலிருந்து எந்த நம்பர் வரை காணோம் என்று சிவப்பில் சொல்லிவிட்டது. ஆம்புலன்ஸ் சத்தத்துக்குப் பதிலாக இப்போது குயில் கூவுகிறது. கீழ்வீட்டுக்காரர் நிம்மதியாக இருக்கிறார்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஜைனப் ராத்தாவின் படங்கள் எல்லாம் நேற்று தமாமுக்குப் போய்விட்டன. இன்று சாயங்காலம் சபூராவின் வாப்பா அப்பாவுக்குப் போன் செய்தார். அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணாச்சி, ரூம்ல இருக்க பன்னெண்டு பேரும் உக்காந்து பாத்தோம். எல்லாரும் பாத்து முடிச்ச பொறவு நான் தனியா இன்னொருக்க பாத்தேன்." லைன் போய்விட்டது என்று அப்பா போனைத் தட்டினார். "இருக்கேன், இருக்கேன். புள்ள அழுவும்போது பின்னால நின்னு எங்க சபூரா பல்லக் காட்டிட்டு நிக்கா பாருங்க, அதான் ரொம்பப் பிடிச்சுது."

பிறகு கேட்டார்: "மச்சான் மட்டும் சண்டைக்கு நிக்கான். சட்டி போட்டோ எங்கன்னு கேக்கான்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் போனைக் கேட்டு வாங்கி, "சட்டி மாமாகிட்ட சொல்லுங்க, அந்த எடத்துல நான் கூழ் குடிச்சுட்டேன்" என்றேன். தமாமில் பன்னிரண்டு பேர் சிரித்தது கேட்டது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. இன்று ஒரே நாளில் இரண்டு கல்யாணம். அப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. நாளை மறுநாள் அக்கா கல்லூரியில் காட்டப்போகிறாள். முதல் பக்கத்தில் தன் தவறை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதியிருக்கிறாள். நன்றி என்ற இடத்தில் என் முழுப்பெயர் இருக்கிறது. ஒரு வரியில் அடங்கவில்லை.

மன்றத் தலைவி பதவியை ராஜினாமா செய்யலாமா என்று சபூராவிடம் கேட்டேன். "பேட்ஜக் குடுத்துட்டுச் செய்" என்றாள். அதனால் செய்யவில்லை. உறுதிமொழியில் மட்டும் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்: அணைக்கும் முன் அது என்னவென்று பார்ப்பேன்.

ஆறாவது சுவிட்சுக்கு மேல் அம்மா சிவப்பு நாடா ஒட்டிக் குங்குமமும் வைத்திருக்கிறார்.

எட்டு மணி. இரண்டு கல்யாணமும் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டன. அப்பா வாசலில் சாவியோடு நிற்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. பிறகு ஏழு, எட்டு. விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டேன். மேஜைக்கடியில் பெட்டியின் பச்சைப் புள்ளி மட்டும் எரிகிறது.